அச்சில் மட்டும் வராது

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் உசாத்துணைப் பட்டியலும் மேற்கோளும் பற்றி ஒரு மணித்தியாலம் பேச வரச் சொன்னார்கள். பேசினால் எனக்குக் கோபம் வரும், ஆகவே எழுதித் தருகிறேன். கால்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே, ஆண்டை அடைப்புக்குள் போடுவதா வெளியே விடுவதா என்பதெல்லாம் இதில் கிடையாது. அவற்றை உங்கள் கணினி பார்த்துக்கொள்ளும். முப்பது வருடம் அந்தக் கால்புள்ளிகளுக்காக நல்ல மனிதர்களோடு சண்டை பிடித்தவள் சொல்கிறேன், ஒரு வாசகராவது அவற்றைக் கவனித்ததாக எனக்குத் தகவல் வரவில்லை.

நான் சேர்ந்த காலத்தில், தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், திருகோணமலையில் உள்துறைமுக வீதியோரம் இருந்த நமது ஆய்வு நிலையம் மூன்று அறைகளும் ஒரு கணினியும்தான். வாசலில் மான்கள் நின்று நாங்கள் எறிந்த தாள்களைத் தின்னும். சில அறிக்கைகளுக்கு அவையே கடைசி வாசகர்கள். மின்சாரம் வரும், போகும். வருவதைவிடப் போவதில் ஒழுங்கு இருந்தது. அந்தக் காலத்துச் செயலிகளில் அடித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், திரும்பத் திறக்கையில் அறிக்கை முழுவதும் கட்டம் கட்டமாகப் பல்லைக் காட்டும். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பணிப்பாளர் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் பிளொப்பிகளில் லேடெக் என்ற அச்சுக்கோப்புச் செயலியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"இது வெறும் எழுத்துத்தான் மிஸ். கரண்ட் போனாலும் சேமிச்ச வரைக்கும் அப்பிடியே கிடக்கும். எந்தக் கணினியிலயும் திறக்கலாம், அம்பது வருசத்துக்குப் பிறகும் திறக்கலாம்" என்றார்.

அந்த வசனம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வந்தவர் போனவருக்கெல்லாம் அதை என்னுடைய வசனமாகவே சொல்லித் திரிந்தேன். யாருடையது என்று மேற்கோள் காட்டவில்லை.

உங்களுக்குத் தெரிந்த முறைதான் அது. நூல், ஆசிரியர், இடம், ஆண்டு எல்லாம் ஒரு பட்டியல் கோப்பில் இருக்கும். அறிக்கையின் கோப்பில் மேற்கோள் வரவேண்டிய இடத்தில் ஓர் அடையாளச் சொல் மட்டும் போடுவோம். அச்சில் அது எந்த உருவத்தில் விழும் என்பதை மூன்றாவதான பாணிக் கோப்பு தீர்மானிக்கும். முறுக்கு உரலில் வில்லையை மாற்றுவது போல. மா அதேதான், விழுகிற வடிவம்தான் வேறு. இது பிடிபட்ட நாளிலிருந்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. தட்டச்சாளராக வந்தவள், பாணிக் கோப்பு எழுதுபவளாகிவிட்டேன்.

அப்போது நடந்த ஆய்வு கடல் பற்றியது. துறைமுகத்தை அண்டிய கடலில் பல பகுதிகளைச் சண்டை காரணமாகக் கடற்படை மூடியிருந்தது; மற்ற இடங்களுக்கும் சில நாட்கள் போகலாம், சில நாட்கள் போகக்கூடாது. ஆய்வாளர்கள் கடலுக்குப் போக ஏலாது. ஆகவே கடலைப் பற்றித் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதினோம். கேட்டவர் நசீர். கிண்ணியாக்காரர், என் வயதுதான், எங்கள் கள உத்தியோகத்தர். நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரைக்கும் கரையோரத்தில் அவருக்குத் தெரியாத மீன்வாடி இல்லை. அவர் எழுதிக்கொண்டுவருவார், நான் கணினியில் ஏற்றுவேன். அவருடைய குறிப்புகளில் எனக்குப் பிடிக்காத வசனம் ஒன்று திரும்பத் திரும்ப வரும்: 'ஒரு மீனவர் சொன்னார்.'

"எந்த மீனவர், நசீர்?"

"மீனவர் எண்டா மீனவர்தான் மிஸ். கடலுக்குப் போறவர்."

"பேர் இல்லாட்டி நான் அடிக்கமாட்டன். நாளைக்கு ஆரும் வந்து இது ஆர் சொன்னது எண்டு கேட்டா?"

"யாரு மிஸ் வந்து கேக்கப் போறாங்க?"

இன்று யோசிக்கும்போது இருவருமே மிகச் சரியான கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறோம். பதில்தான் இருவருக்கும் தோன்றவில்லை. கடைசியில், அலுவலகக் கோப்புக்குத்தானே என்று நினைத்து, பத்தொன்பது பேரின் விபரங்களையும் தந்துவிட்டார். நான் அதோடும் விடவில்லை. நிதி தருபவர்களின் பாணியில் பெயரும் நேர்காணல் நாளும் போதும். எனக்குப் போதவில்லை. வாய்மொழித் தகவலுக்கென்று ஒரு தனிப் பாணி எழுதினேன்: சொன்னவர் பெயர், ஊர், மீனைக் கண்ட இடம், கண்ட நாள். ஒரு விபரம் விடுபட்டாலும் அச்சு வராது. உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இவ்வளவு கறாரான பாணி இல்லை என்று பணிப்பாளரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்தப் பட்டியலில் ஏழாவது சின்னராசா. இறக்கக்கண்டிக்காரர், நாற்பது வயதுக்குள். இவரை மட்டும் நசீர் நிலையத்துக்கே அழைத்துவந்தார். என் மேசைக்கு முன் கதிரையில் இரண்டு மணித்தியாலம் இருந்து சொல்லச் சொல்ல நான் நேரே அடித்தேன். துறைமுக வாய்க்கு வடக்கே, பாறைகளுக்கிடையில், பாரை மீன் கூட்டமாக வந்து முட்டையிடுகிறது என்றார். அந்த மீன் அங்கே முட்டையிடாது என்று அதுவரை எல்லா நூல்களிலும் இருந்தது. எங்கள் அறிக்கையில் உருப்படியாக ஒன்று இருந்தது என்றால் அது இதுதான். பெயர், ஊர், இடம், நாள், எல்லாம் கட்டத்துக்குக் கட்டம் நிரப்பினேன்.

அச்சுப் பிரதி வந்த அன்று பணிப்பாளர் முன்னுரையில் தன் பட்டங்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்தார். நான் கால்புள்ளி பார்த்தேன். நசீர்தான் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். அவர் அந்தப் பட்டியலை அச்சில் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"மிஸ், இது என்ன?"

"உசாத்துணை."

"இதில யாரு, எந்த நாள், எந்த இடத்தில கடலில நிண்டது எண்டு வரிசையா இருக்கு. அந்த நாளெல்லாம் கடல் பூட்டின நாள் மிஸ். இது ஆள் பிடிக்கிற லிஸ்ட்."

நான் பிரதியை அவர் கையிலிருந்து வாங்கினேன். மூடிய கடலில் நின்றவர் என்று ஒருவரைப் பிடித்தால், மீனுக்குத்தான் போனேன் என்று நிரூபிப்பது அவர் பாடு. நிரூபிக்கும் வரை அவர் வீடு திரும்புவதில்லை. சிலர் நிரூபித்த பிறகும் திரும்பியதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தினமும் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வேலைக்கு வந்தவள்தானே. ஆனால் அந்தப் பட்டியலை நான் பார்த்த கண் வேறு. எல்லா வரியும் ஒரே ஒழுங்கில் இருப்பதை மட்டும் அது பார்த்தது.

பணிப்பாளர் கையைப் பிசைந்தார். "பேரில்லாம அனுப்பினா ஆதாரமில்லை எண்டுவினமே" என்றார். நான் உடனே என் வித்தையைக் காட்டினேன். பாணிக் கோப்பில் நாலு வரியை மாற்றினேன். பத்து நிமிடத்தில் பத்தொன்பது பெயரும் ஊரும் நாளும் மறைந்து, நேர்காணல் 1, நேர்காணல் 2 என்று அச்சில் விழுந்தது. பணிப்பாளர் கைதட்டினார். நசீர் பெருமூச்சு விட்டார். சின்னராசா நேர்காணல் ஏழு ஆனார்.

எங்கள் பகுதியிலிருந்து எது வெளியானாலும் முதலில் அனுமதி எடுக்கவேண்டும். அனுமதி வழங்கும் கந்தோர் துறைமுகப் பக்கம் இருந்தது. இரண்டு அச்சுப் பிரதி கேட்டிருந்தார்கள்; 'இருந்தால் ஒரு பிளொப்பியும்' என்று கடிதத்தில் இருந்தது. இருந்தால் என்றால் கொடுக்காமல் விடுகிற ஆளா நான்? அறிக்கைக் கோப்பு, பாணிக் கோப்பு, பட்டியல் கோப்பு, எதை எப்படித் திறப்பது என்று ஒரு விளக்கக் குறிப்பு, எல்லாவற்றையும் போட்டு, பிளொப்பிக்கு மேல் அழகாகப் பெயரும் ஒட்டிக் காலையில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பணிப்பாளர் கொழும்புக்குப் போய்விட்டார்.

பின்னேரம் நானும் நசீரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

"மிஸ், அந்தப் பேரெல்லாம் அழிச்சாச்சுதானே?"

"ஏன் அழிக்கிறது? எல்லாம் பட்டியல்ல பத்திரமாக் கிடக்கு. அச்சில மட்டும் வராது."

"பட்டியல் எங்க இருக்கு?"

இந்த மேசையில், என்று சொல்ல வாயெடுத்தேன். காலையில் கொடுத்த பிளொப்பியிலும், என்று முடித்தேன். எந்தக் கணினியிலும் திறக்கலாம். விளக்கக் குறிப்பும் வைத்திருக்கிறேன்.

நசீர் சைக்கிளை எடுக்க ஓடினார். நான்தான் மறித்தேன். கிண்ணியாவிலிருந்து ஓர் ஆண்பிள்ளை மூச்சிரைக்க வந்து ஒரு பிளொப்பியைத் திருப்பிக் கேட்டால், முதலில் பிளொப்பியைப் பார்ப்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள். கண்ணாடி போட்ட ஒரு மிஸ் கால்புள்ளி பிழையாகிவிட்டது என்று வந்தால் தலையில் அடித்துக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். அந்தக் கந்தோரில் என் கால்புள்ளிகள் ஏற்கெனவே பிரசித்தம். என் வாழ்நாளில் அந்தப் பெயர் எனக்கு உதவியது அந்த ஒரு நாள்தான். அச்சுக்குத் தயாரான கோப்பை மட்டும் வேறொரு பிளொப்பியில் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வழியில் இரண்டு சென்றி, இராணுவச் சோதனைச் சாவடிகள். இரண்டிலும் பையைத் திறந்து காட்டினேன். இரண்டாவது சென்றிக்காரர் பிளொப்பியை வெயிலில் பிடித்து ஊடுருவிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கந்தோரில் எழுதுவினைஞர் என்னைக் கண்டதும், "என்ன மிஸ், திரும்பவும் கால்புள்ளியோ?" என்றார்.

"ஓம். பிளொப்பியை மாத்தித் தரவேணும்."

"ஐயா அதைத்தான் போட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறார். உள்ள போங்கோ."

ஐயா என்றால் அனுமதி தரும் அதிகாரி, சிங்களவர். தமிழைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசுவார். மரியாதையான மனிதர், அதனாலேயே எனக்கு இன்னும் பயம். திரையில் எங்கள் அறிக்கைக் கோப்பு திறந்திருந்தது.

"உட்காருங்கள். மற்றவர்கள் அனுப்புவது திறந்தால் எல்லாம் குப்பையாகத் தெரியும். உங்களுடையது மட்டும் நன்றாக வாசிக்கலாம். மிகவும் நல்லது" என்றார்.

அந்தப் பாராட்டைப் போல என்னை எதுவும் வாட்டியதில்லை. கால்புள்ளிக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு விரலைத் திரையில் ஒரு சொல்லின் மேல் வைத்தார். "இது என்ன? பல இடங்களில் வருகிறது."

அப்போதுதான் என் இரண்டாவது முட்டாள்தனம் எனக்கே தெரிந்தது. பெயர்கள் பட்டியலில் மட்டுமல்ல, அறிக்கையிலும் இருந்தன. மேற்கோள் வரும் இடங்களில் போடுகிற அடையாளச் சொல்லை நீங்கள் எப்படி வைப்பீர்கள்? ஆசிரியர் பெயர், பிறகு ஆண்டு. நானும் ஒழுங்காக அப்படித்தான் வைத்திருந்தேன், ஊரையும் சேர்த்து. சின்னராசா, இறக்கக்கண்டி, ஆண்டு. அது அறிக்கை முழுக்கப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் பச்சையாக நின்றது.

யோசிக்க நேரமில்லை. யோசித்தால் முகம் காட்டிக்கொடுக்கும்.

"அது உசாத்துணை ஐயா. ஆசிரியர் பெயர், வெளியான இடம், ஆண்டு."

"புத்தகமா?"

"ஓம் ஐயா. மீன்களைப் பற்றி."

"இறக்கக்கண்டியில் அச்சகம் இருக்கிறதா?"

"சின்ன அச்சகம். இப்போது மூடிவிட்டார்கள்."

முப்பது வருடத்தில் நான் கொடுத்த ஒரே பொய் மேற்கோள் அது. அதைப் போல யாரும் நம்பிய மேற்கோளும் வேறு இல்லை. ஐயா கதிரையில் சாய்ந்தார். "நல்ல புத்தகம் போல இருக்கிறது. எனக்கும் மீன் விஷயத்தில் ஆசை. ஒரு பிரதி கிடைத்தால் கொண்டுவந்து தாருங்கள்" என்றார். தருகிறேன் என்றேன். அவர் பிளொப்பியை வெளியே எடுத்து, தானே உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். கணினியில் ஒரு பிரதி எடுத்தீர்களா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் எடுக்காதவரும் எடுத்துப்பார்ப்பார். வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வாரம் இறக்கக்கண்டிப் பக்கமிருந்து யார் வந்தாலும் ஊரில் எல்லோரும் சுகமா என்றுதான் முதலில் கேட்டேன். ஐயா இரண்டு மாதத்தில் மாற்றலாகிப் போனார். போகும்வரை என்னைக் கண்ட இடமெல்லாம் அந்தப் புத்தகத்தைக் கேட்டார்.

அன்றைக்கே பட்டியல் கோப்பை அழித்தேன், அறிக்கையில் நின்ற அடையாளச் சொற்களையும் வெறும் எண்களாக்கினேன். நசீர் தன் குறிப்புப் புத்தகத்தையும் அந்த முதல் அச்சுப் பிரதியையும் நிலையத்துக் குசினி அடுப்பில் கிழித்துக் கிழித்து எரித்தார்.

அடுத்த கிழமை நானும் நசீரும் பஸ் எடுத்து இறக்கக்கண்டிக்குப் போனோம். நல்ல செய்தி சொல்லப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். சின்னராசா வீட்டு வாசலில் பாய் போட்டு இருத்தினார்.

"என்ர கதை எந்தப் பக்கத்தில கிடக்கு, தங்கச்சி?"

காட்டினேன்.

"ஏழோ? நான் ஏழோ?"

"உங்கட நன்மைக்குத்தான் பேரை எடுத்தனாங்கள், அண்ணை." பட்டியல், பிளொப்பி, அச்சகம், எல்லாம் சொன்னேன். அச்சகத்துக்குச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பேரைப் போடேக்கையும் என்னட்டக் கேக்கேல்ல. எடுக்கேக்கையும் கேக்கேல்ல. மீன் எங்க கிடக்கு எண்டு மட்டும் ரெண்டு மணித்தியாலம் கேட்டனீங்கள்."

வெட்கத்தில் என் காது சுட்டது. இன்றைக்கும் அந்த வசனத்தை எழுதும்போது சுடுகிறது. "இப்ப கேக்கிறன், அண்ணை" என்றேன்.

"இப்ப வேண்டாம். எனக்குப் பிள்ளையள் இருக்கு. சண்டை முடிஞ்சாப் பிறகு வந்து கேளுங்கோ."

நீங்கள் எல்லோரும் சபிக்கிற அந்தக் கட்டம் அப்போது வந்ததுதான். பெயரைப் போடலாமா என்று அவரிடமே 'கேட்டாயிற்றா' என்ற இடம் வெறுமையாக இருந்தால் அச்சு வராது என்று பாணியில் எழுதி வைத்தது நான்தான். அதில் ஒரு புள்ளியைப் போட்டுவிட்டு மேலே போகிற கெட்டிக்காரர் உங்களில் இருவர் இருக்கிறார்கள். பெயர் தெரியும், போடவில்லை.

சண்டை முடியப் பத்து வருடத்துக்கு மேலாயிற்று. அதற்கிடையில் எங்கள் அறிக்கையை வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் பலர் மேற்கோள் காட்டினார்கள். வடக்கே பாறைகளுக்கிடையில் பாரை முட்டையிடுவதைக் கண்டுபிடித்தவர் என்று எல்லாவற்றிலும் பணிப்பாளர் பெயர்தான். அவருக்குப் படகில் கால் வைத்தாலே வாந்தி வரும். சொன்னவர் பெயரை மறைத்தால் மேசையில் இருப்பவர் பெயர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. பணிப்பாளரும் ஒருநாளும் மறுத்ததில்லை.

இரண்டாம் பதிப்பு போடத் தீர்மானித்தபோது, பெயர்களைத் திரும்பச் சேர்ப்போம் என்று நசீரும் நானும் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோம். பத்தொன்பதில் பதினொன்றுதான் வந்தது. மற்ற எட்டுப் பேர் இன்றைக்கும் எண்கள்தான். பதினொரு பேரிடமும் கேட்கப் போனோம். முதலில் இறக்கக்கண்டி.

சின்னராசாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. "நீங்கள் வருவியள் எண்டு நான் நினைக்கேல்ல" என்றார்.

"கேக்க வந்தனாங்கள், அண்ணை. பேரைப் போடலாமோ?"

"போடுங்கோ." பாயை எடுத்து விரித்தார். "அப்ப மற்றவன்ர பேர்?"

"எந்த மற்றவர்?"

"அண்டைக்கு என்னோட தோணியில வந்தவன். என்ர தம்பி, யோகராசா. தண்ணிக்க குதிச்சு மீனைக் கண்டது அவன்தான். நான் தோணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். உங்களிட்ட வந்து சொன்னது மட்டும்தான் நான்."

சொன்னவர் பெயர் என்று நான் ஒரு கட்டம் வைத்திருந்தேன். கண்டவர் பெயருக்குக் கட்டமே இருக்கவில்லை. என் கறாரான பாணியில், உலகத்தில் எங்கும் இல்லாத அந்தப் பாணியில், அந்தக் கேள்வியே இல்லை.

"அவரிட்டயும் கேப்பம் அண்ணை. எங்க இருக்கிறார்?"

"சண்டை முடியிறதுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னம் கடலுக்குப் போனவன். வரேல்ல."

எங்கள் பிளொப்பிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதை நசீர் விசாரித்து உறுதிசெய்துகொண்டார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கவில்லை.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணை" என்றேன்.

"நீங்கள் கேக்கேல்ல. அவனும் உள்ளுக்கு வர வெக்கப்பட்டான். அந்த ரெண்டு மணித்தியாலமும் உங்கட கந்தோர் வாசல்ல சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன்."

இரண்டாம் பதிப்பில் யோகராசாவின் பெயர் முதலில் இருக்கிறது, தமையனின் பெயர் அடுத்ததாக. யோகராசாவுக்கு எதிரே 'கேட்டாயிற்றா' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நானும் நசீரும் கணினிக்கு முன்னால் வெகுநேரம் இருந்தோம். கடைசியில், 'கேட்கவில்லை, வாசலில் நின்றார்' என்று அடித்தேன்.